மெசின் சத்தத்தில் பால் மறந்த பிள்ளை

எங்கள் மகனுக்கு இரண்டு வயது கழிந்து, நான் உடுத்தியிருக்கும் சாரத்து நுனியைப் பிடித்துக்கொண்டு தோட்டமெல்லாம் ஓடித் திரிகிற காலத்திலும் பொழுதுபட்டால் அவனுக்குத் தாய்ப்பால் வேண்டும். பகலில் அந்த நினைப்பே இராது. புட்டு, பாண், பனங்கிழங்கு என்று கிடைத்ததெல்லாம் தின்பான். நான் பிடுங்குகிற வெங்காயத் தாளைக்கூட மிச்சம் விடமாட்டான். வீட்டில் விளக்கு வைத்ததும் ஆளே வேறு. "பா" என்று தொடங்குவான். அந்த ஓரெழுத்தில் கெஞ்சலும் இருக்கும், அதிகாரமும் இருக்கும். பாயில் தாயோடு ஒட்டிக் கிடந்து குடித்தபடியே நித்திரையாவான். இடையில் விழித்தாலும் அதுதான், விடியப்புறம் விழித்தாலும் அதுதான். பக்கத்தில் தகப்பன் என்று ஒருவன் படுத்திருக்கிறானே என்பது அவன் கணக்கிலேயே இல்லை.

அதைப் பற்றி நானும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கலியாணம் முடித்துக் கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற ஒன்று, குடித்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் இருந்தேன். தலையிடி தொடங்கியது என் மனைவிக்குப் பயிற்சிக் கலாசாலையில் இடம் கிடைத்த அன்றைக்கு.

அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பயிற்சி இல்லாத ஆசிரியை. அந்தப் பயிற்சிக்காக அவள் எத்தனையோ வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்திருந்தாள். இடம் கிடைத்த செய்தி வந்தபோது குசினிக்குள் போய் அடுப்பை ஊதுகிற சாட்டில் அழுதாள். எனக்கும் சந்தோசத்தில் புழுகம் தாங்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மாதத்தில் ஒரு தரம்தான் வீட்டுக்கு வரலாம். வைகாசியில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பங்குனி வெயிலில்.

பகலில் பிள்ளையைப் பார்க்க ஆளிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் என் அக்கா. மனைவி பள்ளிக்கூடம் போகிற நாள்களில் அவனைப் பார்த்ததும் அவள்தான். இரவுதான் பிரச்சினை.

"உதென்ன பெரிய வேலையே?" என்றாள் அக்கா. "வேப்பெண்ணெயைப் பூசிவிட்டால் ஒரு நாளிலை மறப்பான். ஊரெல்லாம் அப்பிடித்தானே மறப்பிச்சது."

போத்தலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். என் மனைவி அதை வாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். பிறகு மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாம் மச்சாள். என்னிலை வாய் வைச்சுப்போட்டு அவன் முகத்தைச் சுழிக்கிறதை நான் பாக்கமாட்டன். நான் போறதே பெரிய காரியம். கசந்துபோட்டுப் போனாள் எண்டிருக்கக்கூடாது."

"அப்ப கரியைப் பூசு. பூச்சாண்டி கடிச்சுப்போட்டுது எண்டு சொல்லு."

"பயப்பிடுத்தவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். நல்லபடியாய் மறந்தால் போறன். இல்லாட்டிப் போகேல்லை."

அவள் 'போகேல்லை' என்று சொன்னால் போகமாட்டாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊர் சொல்லும். அவளுக்குப் பிடிவாதம் அதைவிட ஒரு முழம் கூட. படிப்பை விட்டுவிட்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் காலமெல்லாம் சின்ன வகுப்புக்கே படிப்பித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பேசாமையோடு ஒரே வீட்டில் சீவிக்க வேண்டியவன் நான்.

"பிள்ளையைப் பெத்தது நீர் மட்டுமோ?" என்று கத்தினேன். "நான் நித்திரையாக்கிறன். நீர் இரவிலை அக்கா வீட்டிலை போய்ப் படும்."

"நித்திரையாக்கிக் காட்டுங்கோ, பாப்பம்" என்றாள்.

அன்று மாலை பிள்ளைக்குச் சோறு தீத்தி முகம் கழுவிவிட்டு அவனை மடியில் வைத்து, "அம்மா மாமி வீட்டை போறன். காலமை வந்திடுவன். இண்டைக்கு அப்பா நித்திரையாக்குவார்" என்று உண்மையைச் சொன்னாள். அவன் பெரிய மனிசன் மாதிரித் தலையாட்டினான். அவள் வேலியில் ஆள் புகுந்துபோக விட்ட பொட்டுக்குள்ளால் குனிந்து அந்தப் பக்கம் போனாள். அவன் கை காட்டி வழியனுப்பினான். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆரவாரம் என்று நான் கொடுப்புக்குள் சிரித்தேன்.

பாயில் கிடத்தியதும் தொடங்கினான். முதலில் "பா". பிறகு "அம்மா". பிறகு சொல் ஒன்றுமில்லை, வெறும் சத்தம். தோளில் போட்டு நடந்தேன். சீனித் தண்ணீர் கொடுத்தேன், என் முகத்தில் துப்பினான். எனக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் பாடினேன். அழுகை கூடிற்றே தவிரக் குறையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, பாட்டை நிப்பாட்டு. உன்ரை பாட்டைக் கேட்டு எனக்கே அழுகை வருகுது."

இரவு ஏறமுன்பே மனைவி பொட்டுக்குள்ளால் திரும்பி வந்துவிட்டாள்.  அவனை என் கையிலிருந்து வாங்கிப் பாயில் சரிந்தாள். ஒரு நிமிடத்தில் வீடு அமைதியாயிற்று. இருட்டுக்குள் அவள் சொன்னாள்: "இது சரிவராது. நான் வரேல்லை எண்டு எழுதிப் போட்டுவிடுங்கோ."

"ஒரு கிழமை தாரும்" என்றேன்.  அவள் வேண்டாம் என்று மறுக்கவில்லை.

அடுத்த நாள்களும் அதே கூத்துத்தான். ஒரே ஒரு வித்தியாசம், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா வீட்டிலேயே கிடந்தாள். காலையில் வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். நெஞ்சில் பால் கட்டி நோ பிடித்துச் சட்டை பட்டாலே துடிப்பாள். அக்கா மல்லிகைப் பூவை அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டாள்.  இந்த மடையன் மூன்று வீட்டுக்குக் கேட்க அழுகிறான், இவள் வாயே திறவாமல் நோவைத் தாங்குகிறாள். நடுவில் நான், இரண்டு பேருக்கும் ஒரு உதவியுமில்லாமல் உலாத்திக்கொண்டிருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

இதற்குள் எங்கள் இறைப்பு முறை வந்தது.

தோட்டக் கிணறு எங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நாலு பேருக்குப் பங்கு. அதனால் முறை வைத்துத்தான் இறைப்பது. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு மற்றவர். விடியுமுன் மெசினைக் கிளப்பினால்தான் வெயில் ஏற முதல் வெங்காயமும் மிளகாயும் நனையும். மெசின் என்று நாங்கள் சொல்வது தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தை. துலா மிதித்து இறைத்த காலம் போய் அப்போது ஊரெல்லாம் மெசின் வந்துவிட்டது. கயிற்றைச் சுற்றி இழுத்துப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பங்குனியில் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விடும். ஒருவன் தன் முறை இல்லாத நேரத்தில் இறைத்தால் அடுத்தவனுடைய பயிர் காயும். எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்து வரை போன கொழுவல்களில் பாதி கிணற்றடியில் தொடங்கியவைதான்.

அன்றைக்கு விடியப்புறம் நான் இறைக்கப் போக வேண்டும். பிள்ளையோ விழித்து "பா" என்று தொடங்கிவிட்டான். அக்காவைக் கூப்பிட்டால் மனைவியும் எழும்புவாள். எழும்பினால் பால் கொடுப்பாள், பட்ட பாடெல்லாம் வீண். என்ன செய்வது? அவனைச் சால்வையால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையில் அரிக்கன் லாம்போடு கிணற்றடிக்கு நடந்தேன். வழி முழுக்க அழுகை. நாய்கள் எல்லாம் எழும்பிக் குரைத்தன. அவனைச் சாக்கில் இருத்திவிட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மெசின் இருமித் துப்பிப் பிறகு சீராகப் பிடித்தது. டுக்கு டுக்கு டுக்கு.

அழுகை நின்றுவிட்டது.

என்னவோ ஏதோ என்று லாம்பைத் தூக்கிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடியே சுழல்கிற சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டு வந்து பார்த்தால் சாக்கில் சரிந்து நல்ல நித்திரை. நான் இறைத்து முடித்த பிறகு, வெயில் மூஞ்சியில் அடிக்கத்தான் எழும்பினான். பால் கேட்கவில்லை. "மெசின்" என்றான்.

அன்று பகல் முழுக்க என் மூளையும் அந்தச் சில்லு மாதிரிச் சுழன்றது. இரவில் அவன் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஆனால் அன்றைக்கு எங்கள் முறை முடிந்துவிட்டது. ஒரு வாளி தண்ணீர் தோட்டத்துக்குப் போனாலும் களவு. எனக்கு வேண்டியது தண்ணீர் இல்லையே, சத்தம்தானே! தண்ணீர் வெளியே விழுகிற குழாயை மடக்கி மறுபடியும் கிணற்றுக்குள்ளேயே விட்டேன். மெசின் கிணற்றில் இறைத்துக் கிணற்றிலேயே ஊற்றியது. விசரன் பார்க்கிற வேலைதான். ஆனால் அவன் என் தோளில் தலையைச் சாய்த்து நாலு கொட்டாவி விட்டு நித்திரையாகிவிட்டான். அடுத்த இரவும் அப்படித்தான், அதற்கடுத்த இரவும் அப்படித்தான். மண்ணெண்ணெய் போகிற போக்கைப் பார்த்து நெஞ்சு எரிந்தாலும் மனம் துள்ளியது. ஒரேயொரு சிக்கல். மெசினை நிறுத்தினால் சிலவேளை விழித்துவிடுவான். அதனால் அவன் ஆழ்ந்த நித்திரைக்குப் போகும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

ஊர் அடங்கிய நேரத்தில் மெசின் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சந்தோசத்தில் புத்தி மத்திமமாகிவிட்டது.

நாலு பங்குக்காரரில் ஒருவரோடு எனக்குப் போன வருடத்திலிருந்து கதைபேச்சில்லை. அவருடைய முறை நேரத்துக்குள் என் மெசின் ஓடியது என்று அவர் சொன்னார், என் நேரத்துக்குள் அவருடையது ஓடியது என்று நான் சொன்னேன், அவ்வளவுதான். செத்த வீட்டில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தாலும் வெற்றிலைத் தட்டத்தை இடையில் இன்னொருவரை வைத்துத்தான் தள்ளுவோம். மூன்றாம் இரவு விடிந்தால் அந்த மனிதருக்குத்தான் முறை.

அந்த இரவில் தோட்டத்து வரம்பில் டோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி வருவதைக் கண்டேன். பிள்ளை தோளில் அரை நித்திரையில்.

"ஆரடா அது கிணத்தடியிலை? நாளைக்கு என்ரை முறை! களவாய் இறைக்கிறாய் என்ன?"

வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

"ஓ, நீரோ காணும்? நினைச்சனான். மூண்டு நாளாய் மெசின் சத்தம் கேக்குது. என்ரை மிளகாயைக் காயப்போட்டுட்டு உம்மடையை நனைக்கிறீரோ?"

"மெல்ல அண்ணை, பிள்ளை நித்திரை" என்றேன்.

"உந்த மெசின் கத்திற கத்துக்கு நான் என்ன மெல்ல?"

கேள்வி நியாயமானதுதான். நான் குழாயைக் கண்ணால் காட்டினேன். அவர் டோர்ச்சைக் கிணற்றுக்குள் அடித்தார். குழாயால் வருகிற தண்ணீர் மறுபடியும் கிணற்றுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் நம்பவில்லை. குனிந்து விழுகிற தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வாய்க்காலுக்கு வெளிச்சம் அடித்தார். காய்ந்து வெடித்துக் கிடந்தது. என் பாத்திகளையும் பார்த்தார். திரும்பி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்கென்ன காணும் விசரோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கலாசாலை, பால், அவள் போடுகிற நிபந்தனை, வேப்பெண்ணெய், என் தேவாரம், எல்லாம். ஒரு வருடம் பேசாதவனிடம் வீட்டுக் கதை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.  கேட்டு முடிய அவர், "சரி, பிள்ளை நித்திரைதானே. மண்ணெண்ணெயை ஏன் எரிக்கிறீர்?" என்று குனிந்து தகட்டை அமத்தி மெசினை நிறுத்திவிட்டார்.

நான் "ஐயோ, வேண்டாம்" என்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்த அமைதியில் பிள்ளை தலையைத் தூக்கினான். கண்ணைத் திறந்தான். உதடு பிதுங்கியது.

"பா..."

எனக்கு இரண்டு கையிலும் பிள்ளை. கயிற்றை எப்படி இழுப்பது? பங்குக்காரர் கயிற்றைத் தேடினார், இருட்டில் அகப்படவில்லை. அவர் முகத்தில் வந்த அந்தரத்தையும் பதற்றத்தையும் நான் மறக்கமாட்டேன். பொலிசுக்கும் கோட்டுக்கும் பயப்படாத மனிதர். பிள்ளையின் காதடியில் குனிந்து, மீசை துடிக்க, வாயால் போட்டார்: "டுக்கு டுக்கு டுக்கு டுக்கு."

பிள்ளை அவரை முழுசிப் பார்த்தான். பிறகு தலையை என் தோளில் வைத்தான்.

அவர் மூச்செடுக்க நிறுத்தினார். தலை எழும்பியது. "டுக்கு டுக்கு டுக்கு." தலை படுத்தது. நான் வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினேன். முன்னால் நான், பின்னால் டோர்ச்சைப் பிடித்தபடி அவர், வாய் ஓயாமல் டுக்கு டுக்கு. வரம்பால் இறங்கி, ஒழுங்கை கடந்து, எங்கள் படலை வரைக்கும் வந்தோம். எனக்குச் சிரிப்பு வயிற்றைக் குலுக்கியது. சிரித்தால் பிள்ளை எழும்பும். அப்படியொரு தண்டனையை நான் அனுபவித்ததில்லை.

மெசின் சத்தம் சட்டென்று நின்றதால் என் மனைவி லாம்போடு பொட்டடிக்கு வந்து நின்றாள். கதைபேச்சில்லாத இரண்டு ஆம்பிளைகள் ஊர்வலம் போவதையும் அதில் ஒருவர் மெசினாக மாறியிருப்பதையும் கண்டாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வேலியோடு சாய்ந்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிள்ளையைப் பாயில் கிடத்தினேன். அவர் வாசலிலேயே நின்று மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்து நிறுத்தினார். பிள்ளை அசையவில்லை.

"இதை ஆருக்கும் சொல்லிப்போடாதையும்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து நானே வாயால் மெசின் ஓட்டினேன். அவர் தன் முறை இறைத்துக்கொண்டிருக்கும்போது என்னைக் கண்டு, ஒரு வருடத்துக்குப் பிறகு தானாகவே குரல் கொடுத்தார்.

"இரவு எப்பிடி?"

"ஒருக்காத்தான் எழும்பினவன் அண்ணை. தண்ணி குடிச்சிட்டுப் படுத்திட்டான்."

"எடுத்த எடுப்பிலை வேகமாய்ப் போடாதையும். முதல் பெற்றோலிலை கிளப்பிறமாதிரி ரண்டு இருமல் விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தும்."

அப்படியே செய்தேன். சரியாக வேலை செய்தது! கொஞ்ச நாளில் பத்துப் பன்னிரண்டு டுக்கு போதுமாயிற்று. பிறகு என் கை முதுகில் இருந்தாலே போதும். மனைவியின் நெஞ்சு நோவும் அடங்கியது. ஒரு நாள் மாலை அவள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பாயின் மற்றக் கரையில் படுத்தாள்.  அவன் அவளுடைய கன்னத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு என் பக்கம் உருண்டு வந்து, "அப்பா, மெசின்" என்றான்.

"கள்ளன்" என்றாள் அவள். பிறகு மேலே பார்த்தபடி, "நான் போறன்" என்றாள்.

வைகாசியில் பலாலி வீதியில் பஸ் ஏற்றிவிட்டோம். பிள்ளை என் தோளில் இருந்து கை காட்டினான். அவள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் படியில் காலை வைக்க மறந்து நின்றாள். "அக்கா, ஏறுறதெண்டால் ஏறுங்கோ" என்று கொண்டக்டர் கத்தினான். ஏறினாள்.

முதல் மாதம் முடிய வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். பிள்ளை அவளை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. கிணற்றடி, தோட்டம், மாமி வீட்டு ஆட்டுக்குட்டி என்று இழுத்துத் திரிந்து எல்லாவற்றையும் காட்டினான். பங்குக்காரரும் படலையில் தலையைக் காட்டி, "எங்கடை மெசின் நல்லாய் ஓடுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரவு மூவரும் படுத்தோம். அவன் நடுவில். பழைய ஞாபகம் வந்து கேட்டுவிடுவானோ என்று நான் பயந்தேன். அவளுக்கும் அதே பயம் என்றுதான் நினைத்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய தாலிக்கொடியைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றி விளையாடினான். பிறகு விட்டுவிட்டு மல்லாந்து படுத்தான்.

அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சத்தமில்லை, ஆனால் முதுகு குலுங்கியது. அவன் கேட்டுவிடுவான் என்று அவள் பயப்படவில்லை, கேட்கமாட்டானா என்றுதான் மாதம் முழுக்கக் காத்திருந்திருக்கிறாள்.  

பிள்ளை எழும்பி இருந்தான். தாயின் முதுகைப் பார்த்தான். நான் அவனுக்குச் செய்வதுபோலவே தன் சின்னக் கையை அந்த முதுகில் வைத்துத் தட்டினான். முதலில் இரண்டு இருமல் விட்டான். பிறகு சீராகப் பிடித்தான்.

"டுக்கு டுக்கு டுக்கு டுக்கு."

அவள் திரும்பவில்லை. குலுங்கல் மெல்ல மெல்ல அடங்கியது. நித்திரையாகிவிட்டாள் என்று அவனும் நினைத்திருக்க வேண்டும், சத்தத்தைக் குறைத்து நிறுத்தினான்.

"இன்னும் கொஞ்சம் இறையடா ராசா" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே.

அவன் மறுபடியும் இருமிக் கிளப்பினான்.